மாரியில பிறக்கிற பிள்ளைக்கு முதல் வருசம் என்னென்ன சாமான் வாங்கிறது?

கேள்வி: ஒட்டுசுட்டான்_72

வணக்கம். முதல் பிள்ளை. கார்த்திகை நடுவில பிரசவத் திகதி தந்திருக்கினம், முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரி. வீடு ஒட்டுசுட்டானுக்கு உள்ளுக்கு. தகரக் கூரை, கிணத்துத் தண்ணி, உடுப்புத் தோய்க்க மெசின் இல்லை, மழை நேரம் கரண்ட் போய்ப் போய் வரும். மனைவி ரீச்சர், பிள்ளைக்கு ஆறு மாதம் ஆக முதலே பள்ளிக்கூடம் திரும்பவேணும்.

புதுக்குடியிருப்பில ஒரு கடையில "பேபி செற்" எண்டு எழுதித் தந்த பட்டியல்: மெத்தை, தலகணி, உருளைத் தலகணி 2, கையுறை காலுறை 6 சோடி, பால் போத்தல் 3, போத்தல் அவிக்கிற மெசின், பவுடர், குளிப்பாட்டுற தொட்டி, வோக்கர், புதுப்பிள்ளை பம்பஸ் பெரிய பைக்கற் 4. கைக்காசு மட்டுமட்டு. இதில எது உண்மையில வேணும், எத்தினை, எப்ப வாங்கிறது? முக்கியமா, மாரிக்குள்ள துணி காயாததுக்கு என்ன கணக்கு?

பதில்: தையல்_முள்ளியவளை

தம்பி, கடைசியாக் கேட்ட துணிக் கணக்கில இருந்து தொடங்குவம். மற்றச் செலவு கனக்க அதிலதான் தங்கியிருக்கு.

முதல் ரெண்டு மாதம் ஒரு நாளைக்கு 8 தொடக்கம் 10 நப்பி மாத்தவேண்டி வரும். கோடையில காலமை தோய்ச்சது மத்தியானத்துக்குக் காய்ஞ்சிடும், 15 காணும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மெல்லிய துணியே ரெண்டு நாள் எடுக்கும். அப்ப இண்டைக்குக் கட்ட 10, கொடியில 20, மொத்தம் 30. அதுக்குக் குறைஞ்சால் அரை ஈரத்தில கட்டத் தொடங்குவீங்கள், தொடைச் சந்து அவியிறது அங்கதான் துவங்கும்.

30ஐயும் புதுசா வாங்க வேண்டாம். கனதரம் தோய்ச்ச நூல் சாரம், நூல் சீலை வீட்டில இருந்தால் அதில 6 வெட்டுங்கோ. பழந்துணிதான் நல்லா உறிஞ்சும். மிச்சம் 24க்கு 45 அங்குல அகலமான மெல்லிய வெள்ளை நூல் துணி 7 மீற்றர். வெட்ட முதல் சுடுதண்ணியில ஊறவிட்டு மூண்டு நாலு தரம் தோயுங்கோ. புதுத்துணியில ஏத்தியிருக்கிற பசை போகாட்டி மூத்திரம் உள்ளுக்க இறங்காமல் மேலால வழியும். அதோட துணியும் கொஞ்சம் சுருங்கும். சுருங்கினாப் பிறகு அகலத்தில ரெண்டாப் பிரிச்சால் ஏறக்குறைய 55 சென்ரிமீற்றர் சதுரம் வரும். முக்கோணமா மடிச்சுக் கட்ட மூண்டு நாலு மாதம் வரைக்கும் இது காணும். பிளனல் எடுக்காதேங்கோ. தொட மெதுமையா இருக்கும், ஆனா மாரிக்குள்ள காயவே காயாது.

ஓரம் மடிச்சுத் தைச்சு நூல் நுனியை ஒட்ட வெட்டவேணும். செற்றில வாற கையுறையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கோ, தொங்கல் நூல் கட்டாயம் இருக்கும். அந்த நூல் பிஞ்சு விரலைச் சுத்தி இறுக்கினால் ரத்தம் ஓடாமல் விரல் நீலிச்சுப்போகும், கையுறைக்குள்ள இருக்கிறபடியால் ஒருத்தரும் காணமாட்டினம். அதால கையுறை வேண்டாம். பிள்ளை நித்திரையா இருக்கேக்க நகத்தை வெட்டிவிட்டால் முகம் கீறாது.

தோய்க்கிறதுக்கு: எங்கட கிணத்துத் தண்ணி கனமான இடங்களில கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைப் படிவாத் துணியில ஒட்டும், காய்ஞ்சால் சொரசொரக்கும். சவர்க்காரத் தூள் பாவிச்சு, நல்ல தண்ணியில மூண்டு தரம் அலசுங்கோ. மணத்துக்கு ஊத்திற மெதுமையாக்கி நப்பிக்கு ஆகாது, உறிஞ்சிற தன்மையைக் கெடுக்கும். விறாந்தையில ஒற்றை மடிப்பில கொடி கட்டி, முக்கால்வாசி காய்ஞ்சதும் கரண்ட் இருக்கிற நேரம் அயன் பண்ணினால் மிச்ச ஈரம் போயிடும்.

பம்பஸ் இரவுக்கும், கிளினிக் போற நாளுக்கும், அடைமழைக்கும் வைச்சிருங்கோ. புதுப்பிள்ளை அளவில சின்னப் பைக்கற் ஒண்டுக்கு மேல எடுக்காதேங்கோ. 5 கிலோ ஆக அது இறுக்கும், பிள்ளை மூண்டாம் மாதமளவில அதைத் தாண்டிடும். பாவிச்சதில மலத்தை மலசலகூடத்தில தட்டிப்போட்டு, சுத்திக் கட்டி, கிணத்துக்கு எட்டத்தில கிடங்கு வெட்டித் தாட்டுவிடுங்கோ. எரிச்சால் வாற பிளாஸ்ரிக் புகை பிள்ளை படுத்திருக்கிற அறைக்குத்தான் வரும்.

சட்டை முன்பக்கம் முடிச்சுப் போடுறது 8 எடுத்தால் சரி. 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு வாறவை எல்லாரும் அதே பிறந்த பிள்ளை அளவிலதான் கொண்டுவருவினம். கேக்கிற சொந்தக்காரருக்கு ஆறு மாத அளவு, ஒரு வயசு அளவு எண்டு இப்பவே சொல்லிவிடுங்கோ.

பதில்: குடும்பநலம்_கிளி

மேலே சொன்ன துணிக் கணக்கு சரி. மற்றவற்றைச் சொல்கிறேன்.

தலகணியும் உருளைத் தலகணிகளும் வேண்டாம். ஒரு வயது வரை பிள்ளைக்குத் தலகணி தேவையில்லை. மெத்தென்ற எதிலாவது முகம் புதைந்தால் திரும்பத் தெரியாது. அமுக்கினால் குழிவிழாத மட்டமான மெத்தை, அதன் மேல் ரப்பர் சீற், அதன் மேல் இழுத்துச் செருகிய பருத்தி விரிப்பு. விரிப்பு 4 வேண்டும். எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

நுளம்புவலையில் மிச்சம் பிடிக்காதீர்கள். குடை மாதிரி விரிகிற சின்ன வலை நாலைந்து மாதம் வரைக்கும்தான். பிள்ளை புரளத் தொடங்கியதும் அதை இழுத்து முகத்தில் போட்டுக்கொள்ளும். முதலிலேயே தாயும் பிள்ளையும் படுக்கிற அளவுக்குப் பெரிய பெட்டிவலையாக வாங்கி, நாலு பக்கமும் மெத்தைக்குக் கீழே செருகுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே பகல் நித்திரைக்கும் வலை. நுளம்புச்சுருளை அந்த அறையில் கொளுத்த வேண்டாம்.

குளிப்பாட்டத் தொட்டி அவசியமில்லை, அகலமான பேசின் போதும். தண்ணீர் மூன்று அங்குலத்துக்கு மேல் வேண்டாம், முழங்கையால் சூடு பாருங்கள். மெல்லிய துவாய் 3. தொப்புளில் எண்ணெய், பவுடர், சாம்பல் எதுவும் பூசாமல் காயவிட்டால் பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் தானாக விழும். சுற்றிவரச் சிவந்தாலோ நாற்றமுள்ள நீர் வந்தாலோ காட்டவேண்டும். பவுடர் முழுதாகத் தவிர்க்கவேண்டியது. அந்தத் தூசு மூச்சோடு நுரையீரலுக்குப் போகும். தொடை சிவந்தால் காயவிட்டு வசலினோ சிங்க் ஒக்சைட் களிம்போ மெல்லிசாகப் பூசுங்கள். மடிப்புக்குள்ளேயே கடும் சிவப்பு, சுற்றிவரச் சின்னச் சின்னப் புள்ளி என்றால் அது பூஞ்சணம். அதற்கு மருந்து வேறு, கிளினிக்கில் கேளுங்கள்.

மருந்துப் பெட்டியில் டிஜிற்றல் வெப்பமானி ஒன்று, ஊசியில்லாத 5 மில்லிலீற்றர் சிரிஞ்ச் இரண்டு, ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற தூள்) இரண்டு பைக்கற். பரசிற்றமோல் பாணி கிளினிக்கில் எழுதித் தந்த பிறகு வாங்குங்கள். போத்தலுக்குப் போத்தல் செறிவு வேறுபடும். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் என்பது வழமையானது. அளவு வயதுக்கு இல்லை, நிறைக்கு: ஒரு தரத்துக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 5 கிலோப் பிள்ளைக்கு இந்தப் பாணியில் ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிலீற்றர் வரும். தேக்கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை, அதனால்தான் சிரிஞ்ச். இது கைக்கு உதவுவது 2, 4, 6ஆம் மாத ஊசிகளுக்குப் பிறகு. ஆனால் மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் காட்டினால் வீட்டு மருந்தோடு நிற்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடியுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம்.

கோரோசனை, கிரைப் வோட்டர், தேன் இவை பிள்ளையின் வாய்க்குப் போகக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்கு உட்பட்ட குடலில் நஞ்சை உண்டாக்கும், காய்ச்சினாலும் அதன் வித்து சாகாது.

கேள்வி கேட்டவர்: ஒட்டுசுட்டான்_72

நன்றி அக்கா. இன்னும் ரெண்டு. அம்மா ஏணை (சீலைத் தொட்டில்) கட்டத்தான் வேணும் எண்டு நிக்கிறா, அது பிழையோ? மற்றது, 84 வேலை நாள் லீவு முடிய மனைவி போகேக்க பால் எப்பிடிக் குடுக்கிறது? அதுக்கெண்டாலும் போத்தல் வேணும்தானே?

பதில்: குடும்பநலம்_கிளி

ஏணையை ஒரேயடியாக மறுக்கமாட்டேன். பக்கத்தில் ஆள் இருந்து ஆட்டுகிற நேரத்துக்கு மட்டும். ஏணைக்குள் பிள்ளை வில்லுப்போல வளைந்து கிடக்கும். கழுத்துப் பலப்படாத முதல் மாதங்களில் நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுவழி மடங்கிப்போகும், அழவும் மாட்டாது. நித்திரையானதும் தூக்கி மட்டமான மெத்தையில் கிடத்துங்கள். கட்டுகிற வளைமரத்தில் கறையான் இருக்கிறதா, கயிறு உராய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சீலையின் அடி நிலத்திலிருந்து ஒரு முழத்துக்கு மேல் போகக்கூடாது. பிடித்து எழும்பத் தொடங்கினால் அன்றோடு அவிழ்த்துவிட வேண்டும்.

பாலுக்குப் போத்தல் வேண்டாம். முலைச்சூப்பியின் ஓட்டைக்குள்ளும் கழுத்து வளைவுக்குள்ளும் பால் தங்கும், தூரிகை போகாது. வயிற்றோட்டம் அங்கிருந்துதான் வருகிறது. கையால் பால் எடுக்க லீவு முடிய மூன்று கிழமைக்கு முன்னரே பழகவேண்டும். தேவையானவை மூடியுள்ள சின்ன எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரம் 6, விளிம்பு வழுவழுப்பான சின்னக் கப் 2. ஒரு பாத்திரத்தில் 60 முதல் 90 மில்லிலீற்றருக்கு மேல் விடாதீர்கள், மிஞ்சினால் கொட்டவேண்டி வரும். வெளியில் 4 மணித்தியாலம் வைக்கலாம் என்பது 25 பாகை வரையான அறைக்குச் சொன்ன கணக்கு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அதை நம்பக்கூடாது. எடுத்ததும் குளிர்சாதனப் பெட்டியின் உள்பக்கம், கதவுத்தட்டில் இல்லை. அங்கே 4 நாள் இருக்கும். சூடாக்குவது சுடுநீருக்குள் பாத்திரத்தை வைத்துத்தான், அடுப்பில் ஏற்றக்கூடாது. பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்து, கப்பைக் கீழ் உதட்டில் முட்டவிட்டுப் பிள்ளையே நக்கி உறிஞ்ச விடுங்கள். வாய்க்குள் ஊற்றினால் புரைக்கேறும்.

பதில்: சமையலறை_வவுனியா

ஆறு மாதம் முடியிற நேரம் வைகாசி வந்திடும். அப்ப வாங்கவேண்டியது 250 மில்லிலீற்றர் பிடிக்கிற எவர்சில்வர் கிண்ணம் ஒண்டு, சின்னக் கரண்டி 2, கழுத்துத் துணி 6. மிக்சி வேண்டாம், கரண்டியால மசிச்சால் காணும். கரண்டியில இருந்து வழியாத தடிப்பு இருக்கவேணும். தண்ணியாக் குடுத்தால் வயிறு நிரம்பும், நிறை ஏறாது. 2 - 3 மேசைக்கரண்டியில தொடங்கி, எட்டு மாதமளவில அரைக் கிண்ணம். சோறு, பருப்பு, கீரை, மஞ்சள் கரு, பிறகு மீன், ஈரல். குளத்து மீன் நல்லதுதான், ஆனா முள் பொடி. வெளிச்சத்தில வைச்சு விரலால பிசைஞ்சு பார்த்துத்தான் குடுக்கவேணும். உப்பு, சீனி வேண்டாம்.

கிளினிக்கில தாற நுண்போசணைத் தூளைச் சாப்பாடு ஆறினாப் பிறகு கலந்து அரை மணித்தியாலத்துக்குள்ள தீத்துங்கோ. சூட்டில போட்டால் நிறமும் ருசியும் மாறும், பிள்ளை துப்பும்.

தண்ணியில ஒரு விசயம். கொதிக்க வைச்சால் கிருமி சாகும். புளோரைட் போகாது, தண்ணி வத்த வத்தக் கூடத்தான் செய்யும். வவுனியாப் பக்கம் கன கிணறுகளில அது இருக்கு. உங்கட கிணத்தைப் பரிசோதிக்க வழி இருக்கோ எண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்டக் கேளுங்கோ. கூட எண்டால் பிள்ளையின்ர சமையலுக்கும் குடிக்கவும் புளோரைட்டை எடுக்கிற வடிகட்டியில (RO) வடிச்ச தண்ணி எடுங்கோ. அதையும் கொதிக்க வைச்சு ஆறவிட்டுத்தான் பாவிக்கவேணும்.

பதில்: குளக்கட்டு_வீதி

வோக்கரை வெட்டிவிடுங்கோ. கனடாவில 2004இலயே தடை செய்தாச்சு. நடை பழக்காது, உருண்டு படிக்கும் அடுப்புக்கும் போகத்தான் உதவும். அந்தக் காசில விறாந்தை வாசலுக்குத் தடுப்புப் பலகை அடியுங்கோ, கட்டில்லாத கிணறு எண்டால் தவழுற காலத்துக்கு முதல் கட்டும் மூடியும் போடுங்கோ. வாளியில தண்ணி நிரப்பி வைக்கிற பழக்கத்தையும் விடவேணும், தவழுற பிள்ளை தலைகுத்தி மூழ்கக் கால்வாசித் தண்ணியே காணும்.

பிரசவத்துக்கு முதலே வெள்ளப் பை ஒண்டு கட்டி வையுங்கோ. 2018 மார்கழியில முல்லைத்தீவு, கிளிநொச்சி ரெண்டிலும் ஒரு இரவுக்குள்ள வெள்ளம் ஏறினது. தடிச்ச பொலித்தீன் பை ரெண்டு ஒண்டுக்குள்ள ஒண்டு. உள்ளுக்க காய்ஞ்ச நப்பி 10, பம்பஸ் 10, சட்டை 3, துவாய், ரப்பர் சீற், நுளம்புவலை, வெப்பமானி, கப், ரோச். பிள்ளை பிறந்தாப் பிறகு தாற வளர்ச்சிப் பதிவேடு தனியா சிப் பையில, எந்த ஊசி போட்டது எண்டதுக்கு அதுதான் கைவசம் இருக்கிற ஆதாரம். பள்ளிக்கூடத்தில தங்கவேண்டி வந்தால் மாப்பால் கரைக்க நல்ல தண்ணி தேடவேண்டி வரும், தாய்ப்பாலுக்கு அது தேவையில்லை. பம்பஸ் அளவை மாதத்துக்கு ஒருக்கா மாத்தி வையுங்கோ, பையைக் கட்டிலுக்குக் கீழ வைக்காமல் பரணில வையுங்கோ.