சர்வரில் போட்ட சம்பள எக்செல்: தமிழ் குப்பையாகத் தெரிகிறது, போட்ட கணக்கும் காணாமல் போகிறது

பீஸ்ரேட்:
வணக்கம்ங்க. திருப்பூரில் சின்ன பனியன் யூனிட்டில் கணக்குப் பார்க்கிறேன். சனிக்கிழமை சம்பளம், அதனால் வெள்ளி ராத்திரிக்குள் பீஸ் ரேட் ஷீட் (பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி போடும் கணக்கு) முடிந்தாகணும். இத்தனை வருசமும் அது என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. செக்கிங், பேக்கிங்கில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், நான் ஏற்றுவேன். போன மாதம் முதலாளி மகன் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் நெக்ஸ்ட்கிளவுடும் (ஃபைல்களை எல்லோருக்கும் பொதுவாக வைக்கும் சர்வர்) கொலாபராவும் (அந்த ஃபைல்களை பிரவுசரிலேயே திறந்து திருத்தும் நிரல்) போட்டுவிட்டு, "இனி அவங்கவங்களே பிரவுசரில் போடட்டும்" என்று சொல்லிவிட்டார்.

தொல்லை ரெண்டு. ஒன்று, பிரவுசரில் தமிழ் வரவில்லை. "அம்மா" என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று நிற்கிறது. அதே ஃபைல் என் எக்செல்லில் நன்றாகத் தெரிகிறது. ரெண்டு, நான் வியாழக்கிழமை போட்ட ஓவர்லாக் கணக்கு வெள்ளிக்கிழமை காணோம். யாரும் அழிக்கவில்லை என்கிறார்கள். வரும் சனிக்கிழமைக்குள் சரி செய்யணும், உதவுங்க.

சர்வர்காரன்:
முதல் தொல்லை பாமினி. அது யூனிகோட் (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லை, ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தை ஒட்டிய பழைய எழுத்துரு. கொலாபரா பக்கத்தை சர்வரிலேயே வரைந்து படமாகத்தான் உங்களுக்கு அனுப்புகிறது. அதனால் உங்கள் கம்ப்யூட்டரில் பாமினி இருந்து பிரயோஜனமில்லை, சர்வரில் இருக்கணும், இல்லாவிட்டால் ஷீட்டை யூனிகோடாக மாற்றணும்.

ரெண்டாவதுக்கு ஒரு கேள்வி: நீங்களும் பிரவுசரில்தான் திறக்கிறீர்களா?

பீஸ்ரேட்:
இல்லைங்க. எனக்கு மட்டும் முதலாளி மகன் சிங்க் ஃபோல்டர் (சர்வர் ஃபைலின் நகல் என் கம்ப்யூட்டரிலும் தானாக வந்து போகும் ஃபோல்டர்) போட்டுக் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து எக்செல்லில் திறப்பேன். பிரவுசரில் எனக்குக் கை ஓடாது.

சர்வர்காரன்:
அதுதான் வினை. ஒரு வீட்டுக்கு ரெண்டு வாசல். பிரவுசரில் இருக்கும் நாலு பேர் ஒருவர் போடுவதை மற்றவர் பார்த்துக்கொண்டே போடலாம். நீங்கள் எக்செல்லில் திறந்து வைத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் சேமித்த பிறகு நீங்கள் சேமித்தால், சிங்க் நிரல் சர்வரில் உள்ளதை அசல் பெயரில் வைத்துக்கொண்டு, உங்களுடையதை "கான்ஃப்ளிக்டட் காப்பி" என்று தேதியோடு ஒதுக்கிவிடும். அது உங்கள் கம்ப்யூட்டரில்தான் கிடக்கும், சர்வரில் தேடினால் வராது. அந்த ஃபோல்டரைப் பாருங்க.

நீங்கள் முந்திச் சேமித்தால் கதை வேறு. பிரவுசரில் இருப்பவருக்கு "ஃபைல் வெளியில் மாறியிருக்கிறது, உங்கள் மாற்றத்தை விடவா, மேலெழுதவா" என்று ஒரு பெட்டி வரும். யார் அதைப் படிக்கிறார்கள்? மேலெழுது என்று அமுக்கினால் உங்கள் கணக்கு போச்சு. ஆனாலும் பிரவுசரில் அந்த ஃபைலின் விவரப் பட்டையில் பழைய பதிப்புகள் இருக்கும், வியாழக்கிழமையுடையதை இறக்கிப் பாருங்க.

கடைக்கணக்கு:
எதுக்குங்க இந்தப் பாடு? கூகுள் ஷீட்ஸில் ஏற்றினால் முடிந்தது.

சர்வர்காரன்:
பாமினி அங்கேயும் இதே கதிதான், நம் எழுத்துருவை ஏற்ற அங்கே வழியே இல்லை. சம்பள விவரம் ஆபீஸை விட்டு வெளியே போகக் கூடாது என்று முதலாளி நினைத்திருக்கலாம், அது அவர் உரிமை.

பீஸ்ரேட்:
அந்த ஃபோல்டரில் மூணு காப்பி கிடந்தது! வியாழக்கிழமை ஓவர்லாக் அதில்தான் இருந்தது. கையால் சேர்த்துவிட்டேன்.

ஆனால் பாமினியை யூனிகோடாக மாற்றப்போய் வேறு கூத்து. ஷீட் மொத்தத்தையும் கன்வர்ட்டரில் போட்டுத் திருப்பி ஒட்டினேன். பெயர்கள் சரியாக வந்தன. சைஸ் நெடுவரிசையில் எக்ஸ்.எல். எல்லாம் "ஓடு" ஆகிவிட்டது! எம் சைஸ் "ஆ" என்று வாயைப் பிளந்து நிற்கிறது.

ஓவர்டைம்:
சிரித்து முடிக்க நேரமாச்சு அண்ணா. கன்வர்ட்டருக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. பழைய நகலை எடுங்க. எக்செல்லில் கண்ட்ரோல் எஃப், ஆப்ஷன்ஸ், ஃபார்மட், அதில் ஃபாண்ட் பாமினி என்று கொடுத்து ஃபைண்ட் ஆல். கீழே வரும் பட்டியலில் கண்ட்ரோல் ஏ அமுக்கி, எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசுங்க. மஞ்சளை மட்டும் ஒவ்வொரு நெடுவரிசையாக மாற்றணும். ஒரே கட்டத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் கையால்தான்.

முக்கியமாக, ரேட் ஷீட்டையும் சேர்த்தே மாற்றுங்க. வி-லுக்கப் பெயரை வைத்துத்தான் ரேட்டைத் தேடும். ஒரு பக்கம் பாமினி, மறுபக்கம் யூனிகோட் என்றால் ரேட் வரவேண்டிய இடமெல்லாம் என்.ஏ. என்று காட்டும். கடைசியில் சர்வரில் நோட்டோ போன்ற யூனிகோட் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்க, இல்லாவிட்டால் வெறும் கட்டம் கட்டமாக வரும்.

பீஸ்ரேட்:
முடிந்ததுங்க. ரேட் ஷீட்டோடு சேர்த்து மாற்றினேன், எக்ஸ்.எல். எக்ஸ்.எல்.லாகவே இருக்கிறது. சிங்க் ஃபோல்டரை எடுத்துவிட்டார்கள், நானும் பிரவுசருக்கு வந்துவிட்டேன், கை இன்னும் தடுமாறுகிறது. சம்பளம் சனிக்கிழமை சாயங்காலமே போட்டாச்சு. "ஓடு" இருந்த பழைய பேக்கிங் சீட்டு ஒன்று மட்டும் பிரிண்ட் ஆகிக் கீழே போய்விட்டது. அயர்ன் மாஸ்டர் அதை எடுத்துக்கொண்டு மேலே வந்து, "எங்கே ஓடச் சொல்றீங்க?" என்று கேட்டார்.