நக்கிள்ஸ் மலைக்காட்டில காணாமப் போனவரைத் தேடுற பயிற்சி – சனிக்கிழமை ஆக்கள்

சுதா அக்கா, இரவு 7:42
வான் சனி விடிய 3:30க்கு வெள்ளவத்தையில இருந்து வெளிக்கிடும். கண்டி, ஹுன்னஸ்கிரிய, கோர்பெட்ஸ் கேப் வழி. வனத் திணைக்கள அனுமதிக்கு அடையாள அட்டை இலக்கம் எனக்குத் தனியா அனுப்புங்கோ, குறூப்பில போடாதேங்கோ.

நிரோஷன், 7:45
அக்கா, ஜீன்ஸ் போடலாமோ?

சுதா அக்கா, 7:49
வேண்டாம் தம்பி. நனைஞ்சா லேசில காயாது, பாரமும் கூட. கெதியாக் காயிற மெல்லிய காற்சட்டை போடுங்கோ. அட்டை மேஸை (இரத்தம் குடிக்கிற அட்டை ஏறாம போடுற நீளக் காலுறை) அதுக்கு மேலால இழுத்து முழங்காலுக்குக் கீழ கட்டோணும். சவுக்காரம் பூசினா அட்டை ஏறுறது குறையும், ஆனா மழை கழுவிப் போடும், திரும்பப் பூசோணும். கடிச்சா பிடிச்சு இழுக்கிறேல்லை. மெல்லிய நுனியிலதான் வாய். தோலோட நகத்தை வைச்சுத் தள்ளினா விட்டிடும். தண்ணி 3 லீற்றர், ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புச்சீனித் தூள்) 2 பக்கெட், விசில், டோச், அதுக்கு வேற பற்றரி.

நிரோஷன், 7:51
வாக்கி டோக்கி ஒண்டு என்னட்ட இருக்கு.

பாலா மாமா, 7:54
அதை வீட்டில வையும். உரிமம் இல்லாம பாவிக்கேலாது, முகாமில தருவினம். பட்டினை அமத்தி ஒரு செக்கன் பொறுத்துக் கதைக்கோணும், இல்லாட்டி முதல் சொல்லு வெட்டுப்படும். "பையைத்தான் கண்டம்" எண்டதில "பையைத்தான்" விழுந்தா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாரும். மலை மறைச்சா சத்தமே போகாது, அதாலதான் செய்தியை வாங்கி மற்றப் பக்கத்துக்குச் சொல்ல முகட்டில ஒராளை விடுறது.

தர்ஷினி, 8:03
மாமா, வரிசையாத் தேடேக்க ஆளுக்காள் எவ்வளவு இடைவெளி விடுறது?

பாலா மாமா, 8:11
காடுதான் சொல்லும் பிள்ளை. காணாமப் போனவரின்ர உடுப்பு நிறத்தில ஒரு பையை நிலத்தில வைச்சிட்டுப் பின்னால நடவுங்கோ. பை மறையிற இடத்தில நிண்டு தூரத்தை அளவுங்கோ. நாலு பக்கமும் பாத்துச் சராசரி எடுக்கோணும். 6 மீட்டரில மறைஞ்சா இடைவெளி 12 மீட்டர், ஏனெண்டா நடுவில கிடக்கிறதை ரெண்டு பக்கத்து ஆளும் பாப்பினம். பத்தை மாறினா திரும்ப அளக்கோணும். இதைச் செய்யாம "பத்தடி விடுங்கோ" எண்டு கண்மதிப்பில போற குழுதான் ஆளைத் தாண்டிப் போறது.

முன்னால மட்டும் பாக்காதேங்கோ. சில அடிக்கு ஒருக்கா நிண்டு, திரும்பி, வந்த பக்கத்தைப் பாருங்கோ. மரத்துக்குப் பின்னால குந்தி இருக்கிற ஆள் அப்பத்தான் தெரிவார். சின்னப் பிள்ளையள் பயத்தில ஒளிச்சுக்கொண்டு, கூப்பிட்டாலும் பதில் சொல்லாயினம்.

சுதா அக்கா, 8:15
விசிலும் அப்பிடித்தான். ஆளாளுக்கு ஊதிக்கொண்டு நடந்தா ஒண்டும் கேளாது. ரேடியோவில எண்ணிச் சொல்லேக்க எல்லாரும் ஒரே நேரத்தில ஒரு நீண்ட ஊதல், பிறகு ஒரு நிமிசம் அசையாம கேளுங்கோ. ரெயின்கோட் சரசரப்பே தூரத்துக் குரலை அமத்திப்போடும். ஓடைக்குப் பக்கத்தில காதை நம்பாதேங்கோ, கண்ணாலதான் தேடோணும்.

தர்ஷினி, 8:19
காயப்பட்ட ஆளா நான் படுக்கிறதுக்குப் பேர் குடுத்திருக்கிறன்.

சுதா அக்கா, 8:24
நல்லது பிள்ளை, ஆனா வெறும் நிலத்தில படுக்காதேயும். பாய் ஒண்டு கீழ, காஞ்ச உடுப்பு ஒரு சோடி பொலித்தீன் பையில. ரேடியோ உம்மட கையில இருக்கோணும், அரை மணிக்கு ஒருக்கா முகாம் கூப்பிடும். உண்மையா ஏதும் நடந்தா "நோ டஃப்" எண்டு சொல்லும். நடிப்பில்லை எண்டு அர்த்தம், அந்தக் கணமே பயிற்சி நிக்கும். எல்லாரும் இந்தச் சொல்லைப் பாடமாக்குங்கோ. 1990 எண்ட இலக்கத்துக்கு அடிச்சு அம்புலன்சை முகாமில இருந்துதான் கூப்பிடுவம், உள்ளுக்க போன் சிக்னலை நம்பேலாது.

பாலா மாமா, 8:27
ஸ்ட்ரெச்சருக்கு 6 பேர் தூக்க, 6 பேர் மாற. தலைமாட்டில நிக்கிறவர் மட்டும் கட்டளை சொல்லோணும்.

தர்ஷினி, 8:40
நான் படுக்கப்போற இடம் மாதிரி ஒண்டு, கண்டுபிடியுங்கோ: 7.45 வடக்கு, 80.78 கிழக்கு.

நிரோஷன், 8:46
7 பாகை 45 கலை போட்டன், நக்கிள்ஸை விட்டு எங்கயோ வடக்கில காட்டுது?

பாலா மாமா, 8:52
பாத்தீரோ! புள்ளிக்குப் பின்னால வாறது கலை இல்லை. ஒரு பாகைக்கு 60 கலை, அதால 0.45ஐ 60ஆல பெருக்கும்: 27 கலை. நீர் போட்டது 45. 18 கலை பிழை, ஒரு கலைக்கு 1.85 கிலோமீட்டர், வடக்கே மட்டும் 33 கிலோமீட்டர் தள்ளிப் போட்டீர். 80.78உம் அப்பிடித்தான், 80 பாகை 46.8 கலை. ரேடியோவில வாசிக்கேக்க "ஏழு புள்ளி நாலு ஐஞ்சு" எண்டு புள்ளியைச் சொல்லியே வாசியுங்கோ, கேட்டவர் திருப்பிச் சொல்லோணும். எல்லாரும் போனை டிசிமலுக்கு, அதாவது கலை இல்லாம புள்ளி வைச்ச பாகைக்கு, மாத்துங்கோ. புள்ளிக்குப் பிறகு 4 இலக்கம் காணும், அது 11 மீட்டர் அளவு.

நிரோஷன், 8:55
மாத்திட்டன் மாமா. இப்ப சரியா நக்கிள்ஸுக்கதான் நிக்குது. தர்ஷினி, இனி 7.4500 எண்டே அனுப்பும்.

தர்ஷினி, 8:56
ஓம். 7.4500, 80.7800.