என்.டி.ஏ.வுக்குப் படித்த கதை: நம்ம பக்கத்து ஆட்கள் சொல்லுங்க

பல்லடத்தான்:

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி பிளஸ் ஒன் படிக்கிறான். "ஏனுங்ணா, நீங்க என்.டி.ஏ. எழுதினீங்களாமா, எப்படிப் படிக்கிறதுங்ணா?" என்று வாசலில் நிறுத்திக் கேட்டான். பிளஸ் டூ முடித்ததும் முப்படை அதிகாரிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிற தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வைத்தான் சொல்கிறான். பத்து நிமிடத்தில் சொல்லி முடிகிற சங்கதியா அது? இங்கே எழுதுகிறேன். முயன்று பார்த்தவர்கள் நீங்களும் சொல்லுங்கள்.

நான் 2016இல் பிளஸ் டூ முடித்தவன். இரண்டு வருடமும் விடுதிப் பள்ளி. பெயர் வேண்டாம், அப்போது நம்ம பக்கம் பல பள்ளிகள் அப்படித்தான் இருந்தன. பிளஸ் ஒன் சேர்ந்த கையோடு பிளஸ் டூ புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்கள். பிளஸ் ஒன் கணக்குப் புத்தகம் புது வாசனை போகாமலே டிரங்குப் பெட்டியில் கிடந்தது. முக்கோணவியல் முழுக்க அதில்தான் இருந்தது என்பது, என்.டி.ஏ. பழைய வினாத்தாளைப் பிரித்த அன்றுதான் உறைத்தது.

தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை. செப்டம்பர் தேர்வுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே விடுங்கள் என்று கேட்டேன். "பட்டாளத்துக்குப் போறதுக்கா உங்கப்பா இத்தனை ஃபீஸ் கட்டறாரு?" என்றார் வார்டன். அதோடு அது போச்சு. அடுத்த தேர்வுக்குப் பொங்கல் லீவில் விண்ணப்பம் போட்டு, பொதுத்தேர்வு முடிந்தபின் ஏப்ரலில் மதுரையில் எழுதினேன்.

கணக்கு 120 கேள்வி, 300 மதிப்பெண். பொதுத்திறன் 150 கேள்வி, 600 மதிப்பெண். ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். தப்பாகப் போட்டால் அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். 900இல் பாதி எடுத்தாலே எழுத்துத் தேர்வைத் தாண்டிவிடலாம். அப்போதைய பிளஸ் டூவில் 1200க்கு 1150 எடுத்தால்தான் சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற ஊரில் வளர்ந்தவனுக்கு இது சிரிப்பாக இருந்தது. கணக்குத் தாளை வாங்கிய அரை மணி நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. எப்படியோ தேறினேன்.

அப்புறம்தான் ஆங்கிலம். படித்தால் புரியும், வாயைத் திறந்தால் வராது. எங்கள் வீட்டில் எட்டுத் தறி. தறிக் குடோனில் போய் நின்று ஆங்கில நாளிதழைச் சத்தம் போட்டுப் படித்தேன். தறி ஓடுகிற சத்தத்தில் நான் என்ன உளறினாலும் யாருக்கும் கேட்காது, வெட்கமும் இல்லை. அதில் ஒரு வம்பும் வந்தது. எழுத்துத் தேர்வில் தேறியவர்களை ஐந்து நாள் தங்கவைத்துச் சோதிக்கிற தேர்வு வாரியம்தான் எஸ்.எஸ்.பி. பெங்களூரு எஸ்.எஸ்.பி.யில் முதல் நாள் ஒரு மங்கலான படத்தை 30 விநாடி காட்டி, 4 நிமிடத்தில் கதை எழுதச் சொல்லி, பிறகு குழுவாக உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். நான் குடோன் குரலிலேயே ஆரம்பித்துவிட்டேன். பக்கத்துப் பையன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான்! ஆனாலும் அன்று மதியம் திருப்பி அனுப்பிய கூட்டத்தில் நான் இல்லை.

நேர்காணலில்தான் மாட்டினேன். முப்படைகளின் தலைமையகங்கள், ஏவுகணைகளின் பெயர்கள் எல்லாம் தலைகீழாகச் சொல்வேன். அந்த அதிகாரி அதில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. அப்பா என்ன செய்கிறார் என்றார். விசைத்தறி என்றேன். சொந்த நூலா, கூலிக்கா? கூலிக்கு. மீட்டருக்கு என்ன கூலி? தெரியவில்லை. ஒரு பாவு (தறியில் நெடுக ஓடும் நூல்) ஓடி முடிய எத்தனை நாள் ஆகும்? தெரியவில்லை. ஓட்டுகிற ஆளுக்கு வாரம் எவ்வளவு தருகிறீர்கள், அவர் எந்த ஊர்? அந்த அண்ணனின் பெயர் மட்டும் தெரியும். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? இதற்கு "காத்திருப்போம்" என்றேன். அவர் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். அந்தத் தறி ஓடித்தான் எனக்கு ஃபீஸ் கட்டினார்கள். தறிப் பக்கமே வராதே, படி என்றுதான் விடுதிக்கும் அனுப்பினார்கள். அப்புறம் எங்கிருந்து தெரியும்?

ஐந்தாம் நாள் வாசித்த எண்களில் என்னுடையது இல்லை. ஊருக்கு வந்து ஒரு மாதம் சாயங்காலமானால் குடோனில் உட்கார்ந்தேன். தார் (குறுக்கே ஓடும் நூல் சுற்றிய குழல்) மாற்றவும் அறுந்த இழையைப் பிணைக்கவும் கற்றுக்கொண்டேன். அடுத்த எஸ்.எஸ்.பி.யில் இதையெல்லாம் கொட்டித் தீர்க்கலாம் என்று போனால், அந்த அதிகாரி தறியைப் பற்றி மூச்சுவிடவில்லை! கல்லூரி, நண்பர்கள் என்றே போனது. சேர்க்கலாம் என்று வாரியத்தின் பரிந்துரை கிடைத்தது. மருத்துவப் பரிசோதனையில் தற்காலிகமாக நிராகரித்து, மேல்முறையீட்டுக்கு 42 நாள் கொடுத்தார்கள். அதில் தேறியும் தரவரிசைப் பட்டியலில் பெயர் வரவில்லை. பரிந்துரையும் வாங்கி மருத்துவமும் தேறினால் சேர்ந்த மாதிரிதான் என்று நினைக்கிறார்கள். இல்லை. இருக்கிற இடத்துக்குத்தான் ஆள்.

அமராவதிக்காரன்:

பல்லடத்தாரே, படம் பார்த்துக் கதை எழுதுவதில் என் கதையையும் கேளுங்கள். நான் உடுமலைக்குப் பக்கம் அமராவதிநகர் சைனிக் பள்ளியில் (படைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிற விடுதிப் பள்ளி) ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவன். 1962இல் தொடங்கிய பள்ளி, அணைக்குப் பக்கத்திலேயே. ஏழு வருடம் விசில் சத்தத்தில் எழுந்து ஓடியவன், எஸ்.எஸ்.பி.க்கு முதல் முறை போய் முதல் நாள் மதியமே பெட்டியோடு திரும்பினேன். படத்தில் மூன்று பேர் ஏதோ கிடங்கு முன்னால் நிற்கிறார்கள். நான் தீவிரவாதிகளைப் பிடிக்கும் கதை எழுதினேன். குழுவில் உட்கார்ந்தபிறகு பார்த்தால் பாதிப் பேர் தீவிரவாதியைப் பிடித்திருந்தார்கள்.

இரண்டாம் முறை அதே மாதிரி ஒரு படத்துக்கு ரேஷன் கடைக் கதை எழுதினேன். தேறிவிட்டேன். கடக்வாஸ்லா என்.டி.ஏ.வில் மூன்று வருடம், டேராடூன் ராணுவ அகாடமியில் ஒரு வருடம். பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் அரசாங்கச் செலவு. கைச்செலவுக்குத்தான் வீட்டிலிருந்து அனுப்பினார்கள். வேறென்ன, நீச்சல் பழகுங்கள். அணைக்குப் பக்கத்திலேயே படித்தும் எனக்கு வராமல் அங்கே போய்த் தண்ணீர் குடித்தேன்.

கோபி அம்மா:

என் பெரியவனுக்குத்தான் முதலில் ஆசை. சூலூர்ப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போனால் மொட்டை மாடியை விட்டு இறங்க மாட்டான், தேஜஸ் போர் விமானம் பறக்கிறது என்று. மிளகாய்க் காட்டில் பழம் மட்டும் பறிக்கச் சொன்னால் காயையும் சேர்த்துப் பறித்து வருவான். சோம்பேறி, கவனம் இல்லை என்று எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். பிளஸ் ஒன்னில் கண் டாக்டரிடம் போனபோது புள்ளிப் படப் புத்தகத்தைக் காட்டினார். மற்றவர்கள் எண் பார்க்கிற இடத்தில் இவனுக்குப் புள்ளிதான் தெரிகிறது. சிவப்பும் பச்சையும் பிரியவில்லை. இவனுக்கு இருக்கிற அளவுக்குப் படைக்கு ஒத்துவராது என்றார். அன்று அவனைவிட நான்தான் அதிகம் அழுதேன், மிளகாய்க்காக. எட்டாவது, ஒன்பதாவதிலேயே அந்தச் சோதனையைப் பண்ணிவிடுங்கள் என்று எல்லா அம்மாக்களுக்கும் சொல்கிறேன்.

இப்போது அவன் புத்தகங்கள் சின்னவளிடம். பெண்களும் எழுதலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2022இல் முதல் அணி சேர்ந்தது. 2025 மே மாதம் 17 பெண்கள் முடித்து வெளியே வந்ததை டி.வி.யில் பார்த்துவிட்டு இவள் தூங்கவே இல்லை. விமானப்படைக்கும் கடற்படைக்கும் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணக்கு வேண்டும் என்று தெரிந்து குரூப்பை மாற்றிக்கொண்டாள். காலையில் ஐந்தரைக்குத் தடப்பள்ளி வாய்க்கால் மேட்டில் ஓடுகிறாள். பின்னாலேயே என் மாமனார் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் போகிறார், துணைக்கு. "அப்பாரு, ஹாரன் அடிக்காதீங்க" என்று தினமும் சண்டை.

"பட்டாளத்துக்கு அனுப்பிச்சுட்டு மாப்பிள்ளை எங்கே தேடுவே?" என்று நங்கையா கேட்டார். பயிற்சி முடிகிற வரை கல்யாணமே பண்ணக்கூடாது என்பது விதி என்றேன். நாலு வருடத்துக்கு அந்தப் பேச்சு இல்லை, அதுவே பெரிய நிம்மதி.

தம்பி, ஒரு சந்தேகம். பைலட் ஆவதற்குத் தனித் தேர்வு உண்டாமே, அதற்கு இப்போதே ஏதாவது படிக்க வைக்கவேண்டுமா? அப்புறம், தறி விஷயத்தை உங்கள் அப்பாவிடம் சொன்னீர்களா?

பல்லடத்தான்:

அக்கா, அது விமானப்படைத் தேர்வு மையத்தில் வைக்கிற கணினித் தேர்வு. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான், அதில் போனால் பைலட் கனவு போச்சு. கருவிகளின் முள்ளைப் பார்த்துப் படிக்கிறது, கையையும் காலையும் சேர்த்து இயக்குகிறது என்றெல்லாம் வரும். இப்போதைக்கு விடுங்கள், முதலில் எழுத்துத் தேர்வு. ஒன்று மட்டும், மஞ்சள் குவிண்டால் என்ன விலைக்குப் போகிறது என்று பாப்பாவுக்குத் தெரியுமா, இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

அப்பாவிடம் அன்று இரவே சொன்னேன். பாவு பிணைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "இதைக் கேக்கறதுக்கா உன்னையப் பெங்களூருக்கு வரச்சொன்னாங்க? இங்கிருந்தே ஒரு போன் போட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றார்.