‘சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்’: இவ்வளவு நீளம் தேவையா?

பாட்டுக்கிறுக்கன் (கேள்வி)
அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டரின் இந்த ஆல்பத்தை ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1976-இல் வந்தது. இரண்டு எல்.பி. தட்டு, அது போதாதென்று நான்கு பாட்டுகளோடு ஒரு சின்னத் தட்டு, மொத்தம் 21 பாட்டு. ‘சர் டியூக்’, ‘ஐ விஷ்’ இரண்டும் கேட்டவுடனேயே பிடித்துவிட்டன. ஆனால் முழுசாகக் கேட்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது, நடுவில் கவனம் எங்கேயோ போய்விடுகிறது. நல்ல பத்தை மட்டும் எடுத்து ஒரே தட்டாகப் போட்டிருக்கலாமே? பல வருடமாகக் கேட்பவர்கள் சொல்லுங்கள், உங்களை இதில் பிடித்து வைத்திருப்பது எது?

பழைய தட்டு
போனில் மொத்தமாக ஓடவிட்டால் அப்படித்தான் இருக்கும். இது தட்டின் ஒவ்வொரு பக்கமாகக் கேட்க வேண்டியது. முதல் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘வில்லேஜ் கெட்டோ லேண்ட்’ பாட்டில் பின்னணி ஏதோ அரண்மனைக் கச்சேரி மாதிரி வயலின்களாக இழைகிறது, பாடுவதோ நாய்க்கு வைக்கும் தீனியைத் தின்று பிழைக்கும் சேரி மக்களைப் பற்றி. அது முடிந்து ‘கன்ட்யூஷன்’ வாத்தியமாக மட்டும் வந்து போகும், அப்புறம்தான் ‘சர் டியூக்’ பித்தளை வாத்தியங்கள் வெடிக்கும். அந்தத் துக்கத்தைத் தாண்டி வந்து கேட்டால் அந்தச் சந்தோஷமே வேறு. தனியாகக் கேட்டபோது எனக்கு அது கிடைக்கவில்லை.

கீபோர்டு தம்பி
அண்ணே, அவை வயலினே இல்லை! யமஹா ஜி.எக்ஸ்-1 என்ற சிந்தசைசர், மின்னணுவில் ஒலியை உருவாக்கும் வாத்தியம். ஆர்கன் மாதிரி அடுக்கடுக்காகக் கீபோர்டு, காலுக்குப் பெடல் வரிசை. ஸ்டீவி அதை ‘ட்ரீம் மெஷின்’ என்பார். நான் வாசிக்கிறவன் என்பதால் என்னை விடாமல் இழுப்பது ‘சம்மர் சாஃப்ட்’. கடைசிப் பகுதியில் சுருதி ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே போகும், இதோடு நிறுத்திவிடுவார் என்று நினைக்கும்போது இன்னொரு படி. கூடவே வாசித்துப் பாருங்கள், விரல் திணறும்.

ஒரு அப்பா
என் மகள் பிறந்த வாரம் தூக்கமில்லாத ஒரு இரவில்தான் ‘இஸின்ட் ஷி லவ்லி’ எனக்கு உண்மையில் புரிந்தது. தன் மகள் ஆயிஷாவுக்காக எழுதியது. குழந்தையின் அழுகையோடு தொடங்கும், கடைசியில் மவுத் ஆர்கன் ஓடிக்கொண்டே இருக்க, குழந்தையைக் குளிப்பாட்டும் சத்தமும் பேச்சும் கேட்கும். ஆறு நிமிடத்துக்கு மேல் வரும் அதை வெட்டிக் குறைக்க அவர் சம்மதிக்கவில்லை, அதனால் அமெரிக்காவில் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, வெளிவரவே இல்லை. வெட்டச் சொன்னால் முதலில் போவது அந்தக் குளியல்தானே? அதை எப்படி விடுவது, சொல்லுங்கள்.

பழைய தட்டு
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1977-இல் கிராமியின் சிறந்த ஆல்பம் விருது, அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் நுழைந்ததே முதல் இடத்தில். சுருக்கச் சொல்லி வாங்குபவர்கள் யாரும் கேட்கவில்லை.

பாட்டுக்கிறுக்கன்
எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று கேட்டேன். மூன்றாம் பக்கத்தில் ‘பிளாக் மேன்’ இன்னும் எனக்கு நீளம்தான், கடைசியில் கேள்வி பதிலாக வரும் வரலாற்றுப் பாடம் பிடித்திருந்தும். ஆனால் நேற்று ராத்திரி நாலாம் பக்கம் வேறு மாதிரி ஆகிவிட்டது. ‘இஃப் இட்ஸ் மேஜிக்’ பாட்டில் டோரதி ஆஷ்பியின் ஹார்ப்பும் ஸ்டீவியின் குரலும் கொஞ்சம் மவுத் ஆர்கனும்தான், தாளம்கூட இல்லை. அந்த அமைதி கலைவதற்குள் ‘ஆஸ்’ தொடங்குகிறது, ஹெர்பி ஹான்காக் எலெக்ட்ரிக் பியானோ, ஏழு நிமிடம். பாதியில் ஸ்டீவியின் குரல் கரகரத்து உறுமலாக மாறும் இடத்தில் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டேன். போன வாரம் நான் வெட்ட நினைத்த பட்டியலில் முதலில் இருந்தது இதுதான். இன்று காலையில் மட்டும் மூன்று தடவை கேட்டாயிற்று.