ரூசியோன் கிராமப் பயணம்: உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஜூன் மாதக் கடைசியில் நானும் என் அம்மாவும் பிரான்சின் புரொவான்ஸ் பகுதியில், குன்றின் மேல் அமைந்துள்ள ரூசியோன் கிராமத்துக்குச் செல்லவிருக்கிறோம். (பெர்ப்பினியான் பக்கம் இதே பெயரில் உள்ள பகுதியை அல்ல, லூபெரோன் மலைகளை ஒட்டிய ஊரைச் சொல்கிறேன்.) ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அம்மாவுக்கு, காவிமண் வெட்டியெடுத்த பழைய குழிகளின் செஞ்சரிவுகளையும், அதே மண்ணைக் குழைத்துப் பூசியதால் மஞ்சள், செம்மஞ்சள், இளஞ்சிவப்பு எனச் சுவருக்குச் சுவர் சாயல் மாறும் வீடுகளையும் நேரில் காண வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

அவிஞோனிலிருந்து ஆப்ட் நகருக்குப் பேருந்தில் சென்றபின், அங்கிருந்து ரூசியோனுக்குக் கார் இல்லாமல் போய்வர வசதி உண்டா? குழிகளுக்குள் செல்லும் காவிப் பாதையில் படிகள் இருப்பதால், முழங்கால் வலி உள்ள அம்மாவால் அரைமணி நேரச் சிறிய சுற்றையாவது முடிக்க இயலுமா என்பதே என் பெருங்கவலை. மழை பெய்தால் பாதையை மூடிவிடுவார்கள் என்பதால், அப்போது பழைய மாத்தியு காவித் தொழிற்சாலையைப் பார்க்க எண்ணியுள்ளோம். அங்கு நிறமி தயாரிக்கும் முறையை விளக்கிக் காட்டுவது ஆங்கிலத்திலும் நடக்கிறதா?

வயதானவர்களை அங்கே அழைத்துச் சென்ற அனுபவமுள்ளோர் விரிவாக எழுதினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.