டேங்க் எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் நிறைந்துவிட்டது, அவசரம்

தக்கேத்தா_பிள்ளை:
யாராவது தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். போன மாதம்தான் லாரி வரவழைத்து செப்டிக் டேங்கை முழுக்க உறிஞ்சி எடுத்தோம், நல்ல காசு போனது. இன்றைக்கு மூடியைத் தூக்கிப் பார்த்தால் பழையபடி தளும்ப நிற்கிறது. கழிவறையில் தண்ணீர் ஊற்றினால் இறங்க நேரமாகிறது, குபுக் குபுக்கென்று சத்தம் வேறு, நாற்றம் கூடம் வரைக்கும் வருகிறது. லாரிக்காரன் பாதியைத்தான் எடுத்து ஏமாற்றிவிட்டானா? மறுபடியும் கூப்பிடவா?

மோல்மீன்_மழை:
எத்தனை பேர் இருக்கிறீர்கள்? டேங்க் எவ்வளவு பெரியது? குளியல், சமையல் தண்ணீரும் அதற்குள்தானா, இல்லை கழிவறை மட்டுமா? வெளியே போகும் தண்ணீர் உறிஞ்சு குழிக்குப் போகிறதா, தெருச் சாக்கடைக்கா? ஒன்றுமே சொல்லாமல் அவசரம் என்றால் என்ன செய்வது. ஊர் யாங்கூன் தக்கேத்தா என்பதே உங்கள் பெயரைப் பார்த்துத்தான் தெரிகிறது.

கருப்பட்டி_அண்ணன்:
லாரி கூப்பிடாதே தம்பி. முழுக்க எடுத்ததுதான் வினை, உள்ளே இருந்த நல்ல கிருமியெல்லாம் போய்விட்டது. அரை வீசை பனங்கருப்பட்டியை வெந்நீரில் கரைத்து, ஆறிய பிறகு ஈஸ்ட் கலந்து ராத்திரி ஊற்று. எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக இதுதான், லாரியே வந்ததில்லை.

பழைய_மேஸ்திரி:
ஒவ்வொரு மழைக்கும் இதே கேள்வி, ஒவ்வொரு மழைக்கும் இதே கருப்பட்டி. முன்னால் எழுதியதைப் படிக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை.

தம்பி, செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். அது வேலை செய்வதே அப்படித்தான். கனமானது அடியில் படியும், எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் வெளிக்குழாய் வழியே போகும். காலி செய்த டேங்க் சில நாளிலேயே வெளிக்குழாய் மட்டத்துக்கு ஏறிவிடும், அதற்கு லாரிக்காரனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. நீ பார்க்க வேண்டியது நிறைந்திருக்கிறதா என்பதை அல்ல, எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை. வெளிக்குழாயின் அடிவிளிம்போடு நின்றால் டேங்க் சரி, கோளாறு கழிவறைக்கும் டேங்குக்கும் நடுவில் எங்கேயோ. குழாயே முழுகிக் கிடந்தால் வெளியே போக வழியில்லை. விளிம்புக்குக் கீழே இருந்தால் டேங்க் எங்கேயோ ஒழுகுகிறது. போய்ப் பார்த்துவிட்டு வா.

தக்கேத்தா_பிள்ளை:
ஐயா, பார்த்தேன். வெளிக்குழாய் தெரியவே இல்லை, முழுகிக் கிடக்கிறது. வெளியே குழி இருக்கிறது, அப்பா காலத்தில் கட்டியது. டேங்க் ஆறடிக்கு நாலடி, தண்ணீர் ஆழம் ஐந்தடி இருக்கும். நாங்கள் 4 பேர். மாடியில் வாடகைக்கு 5 பேர், அவர்களையும் சேர்க்க வேண்டுமா?

மோல்மீன்_மழை:
பின்னே அவர்கள் எங்கே போவார்கள்? 😀

9 பேர். ஆளுக்கு நாளைக்கு 100 லிட்டர் என்று வைத்தால் 900. உங்கள் டேங்க் ஏறக்குறைய 3,400 லிட்டர் கொள்ளும். ஆக நாலே நாளில் நிறைந்திருக்கும், நீங்கள் ஒரு மாதம் கழித்துத்தான் பார்த்திருக்கிறீர்கள். இன்னொன்று, லாரி உறிஞ்சி முடிக்கும் நேரத்தில் வெளிக்குழாய் வழியாகத் தண்ணீர் டேங்குக்குள் திரும்பி வந்ததா? யாராவது பக்கத்தில் நின்றிருந்தால் கேளுங்கள்.

தக்கேத்தா_பிள்ளை:
அம்மா நின்றிருந்தார்கள். ஆமாம், கறுப்பாக ஓடி வந்ததாம், லாரிக்காரன் அதையும் எடுத்துக் கொடுத்தானாம். நல்லவன்தான் போல.

மோல்மீன்_மழை:
அப்படியானால் உறிஞ்சு குழி நிரம்பிவிட்டது. மண் குடிக்கவில்லை. தக்கேத்தா பள்ளமான இடம், ஆடி ஆவணியில் நிலத்தடி நீர் கையெட்டும் தூரத்துக்கு வந்துவிடும், குழித் தண்ணீர் எங்கே போகும்? எங்கள் மோல்மீனில் வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, இந்தப் பாடு எங்களுக்குப் பழக்கம். மழைக்கு மட்டும் இப்படி என்றால் தாங்கலாம். கோடையிலும் இப்படித்தான் இருந்தது என்றால் குழிச் சுவரில் சேறும் எண்ணெயும் ஒட்டி அடைத்துவிட்டது, வேறு குழிதான் எடுக்க வேண்டும். கூரைத் தண்ணீர் அந்தப் பக்கம் விழுகிறதா என்றும் பாருங்கள். விழுந்தால் குழாயை வேறு பக்கம் திருப்பி விடுங்கள்.

கருப்பட்டி_அண்ணன்:
அதே சுவர்ச் சேற்றைத்தான் ஈஸ்ட் தின்னும் என்கிறேன். கேட்டால்தானே.

பழைய_மேஸ்திரி:
ஈஸ்ட் மாவைப் புளிக்க வைக்கும், அவ்வளவுதான். டேங்குக்கு வேண்டிய கிருமி மனிதன் போகும் ஒவ்வொரு முறையும் இலவசமாக உள்ளே போகிறது. சேறு அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டால் எடுத்தே ஆக வேண்டும், எந்த மருந்தும் அதைத் தண்ணீராக்காது. அளக்கத் தெரியாவிட்டால் நீளக் கம்பின் கீழ்ப்பாதியில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றி அடிவரை இறக்கி, கொஞ்ச நேரம் விட்டு மெதுவாகத் தூக்கு. கறுப்பு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ அதுதான் சேறு. சாதாரண வீட்டுக்கு மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டி வரும். உன் வீட்டில் லாரியே வந்ததில்லை என்றாயே, உன் குழிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறாயா?

கருப்பட்டி_அண்ணன்:
என் குழியைப் பற்றி உமக்கு என்ன.

சூலேப்_பக்கம்:
இதெல்லாம் யாங்கூன் டவுனுக்கு வெளியே இருப்பவர்கள் தலையெழுத்து. எங்கள் தெருவில் வெள்ளைக்காரன் போட்ட கழிவுக் குழாய், இழுத்து விட்டால் போய்விடும்.

பழைய_மேஸ்திரி:
1880-களின் கடைசியில் போட்டது. அழுத்தக் காற்றால் கழிவைத் தள்ளும் ஏற்பாடு, அன்றைக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் அந்தக் காலத்து ஜனத்தொகைக்குக் கட்டியது. இன்று அதே தெருவில் எட்டு மாடி நிற்கிறது. பெருமைப்படுமுன் உங்கள் பின்சந்தில் ஒரு தடவை நடந்து பாருங்கள்.

சூலேப்_பக்கம்:
பின்சந்து நாறுவது மேலேயிருந்து குப்பை வீசுவதால். குழாய் என்ன செய்யும்? நகரசபை அதே குழாயை இன்றும் ஓட்டுகிறது. உங்கள் காலத்தில் கட்டியது ஏதாவது 100 வருஷம் நிற்குமா?

இன்செய்ன்_அக்கா:
இரண்டு பேரும் வெளியே போய்ச் சண்டை போடுங்கள்.

தம்பி, முதலில் ஒன்று. மூடியைத் திறந்து குனிந்து பார்க்காதே, தீக்குச்சி கிழிக்காதே, என்ன விழுந்தாலும் யாரையும் உள்ளே இறக்காதே. அந்த வாயுவில் முட்டை நாற்றம் அதிகமானால் மூக்கு மரத்துப் போகும், நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும்போதே ஆள் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்கப் போகிற ஆளும் போவார். மூடியைத் திறந்தபடி விட்டுவிட்டு வராதே, மாடியில் குழந்தை இருக்கிறதா தெரியவில்லை.

அப்புறம் கரண்ட். உங்கள் பகுதியில் கரண்ட் வந்ததும் மோட்டார், வாஷிங் மெஷின், குளியல் எல்லாம் இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில்தானே? அவ்வளவு தண்ணீர் ஒரே மூச்சில் விழுந்தால் அடியில் படிந்தது கலங்கி, சேறோடு குழிக்குப் போய்விடும். குழி சீக்கிரம் அடைவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். துணித் தண்ணீரைப் பிரித்து மரத்தடிக்கு விட முடிந்தால் விடுங்கள். மாடியில் கமோட் இருந்தால் ஃப்ளஷ் தொட்டியில் கலர்ப் பொடி போட்டு, அரை மணி நேரம் இழுக்காமல் விட்டுப் பாருங்கள். கமோட்டுக்குள் நிறம் இறங்கினால் ராப்பகலாக ஒழுகுகிறது என்று அர்த்தம்.

தக்கேத்தா_பிள்ளை:
அக்கா, கலர் இறங்கியது. நன்றாகவே இறங்கியது. கூரைத் தண்ணீர் வேறு பக்கம்தான் போகிறது. கடைத் தண்ணீரும் அதில்தான் போகிறது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

மோல்மீன்_மழை:
எந்தக் கடை?

தக்கேத்தா_பிள்ளை:
காலையில் வீட்டு வாசலில் அம்மா தோசை, பராட்டா போடுகிறார்கள். பாத்திரம் கழுவுவது, மாவு கழுவின தண்ணீர், எண்ணெய்ச் சட்டி.

பழைய_மேஸ்திரி:
இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

பராட்டாச் சட்டி எண்ணெய் வெந்நீரில் உருகிப் போகும், டேங்கில் ஆறியதும் கட்டியாகும். மாவுத் தண்ணீர் வேறு. அது மேலே தடித்து, வெளிக்குழாயில் இருக்கும் டி (T) வடிவக் குழாயின் வாயை அடைக்கும், இல்லையென்றால் குழிக்குள் போய் மண்ணில் பூசிக்கொள்ளும். கடைத் தண்ணீரை டேங்குக்கு விடாதே. வாசலில் சிறிய எண்ணெய்த் தொட்டி கட்டி, எண்ணெய் மேலே தேங்கி தண்ணீர் மட்டும் அடியிலிருந்து வெளியேறும்படி குழாயைக் கீழே வளைத்து வை. சட்டியை முதலில் காகிதத்தால் துடைக்கச் சொல்லு. இப்போது லாரி கூப்பிட்டால் இரண்டு நாள் நிம்மதி, அதற்கு மேல் இல்லை. மழைக்காலத்தில் டேங்கை ஒட்டக் காலி செய்வதும் ஆபத்து, நிலத்தடி நீர் கீழேயிருந்து தள்ளும். லேசான டேங்க் மிதந்து எழும்பிவிடும், கல் கட்டு என்றால் வெடிப்பு விடும். புதுக்குழி வெட்டுவதென்றால் கார்த்திகை வரை பொறு. பக்கத்து வீட்டுக் கிணறு இருந்தால் 50 அடியாவது தள்ளி வெட்டு.

கருப்பட்டி_அண்ணன்:
எண்ணெய்க்கு ஈஸ்ட் வேண்டாம், இஎம் தண்ணீர், அதான் நல்ல கிருமி கலந்த திரவம், நல்லது. இதையாவது ஒத்துக்கொள்ளுங்கள்.

பழைய_மேஸ்திரி:
இல்லை.

தக்கேத்தா_பிள்ளை:
மாடி கமோட் ரப்பர் மாற்றியாயிற்று. கடைத் தண்ணீரை நிறுத்திவிட்டோம். சத்தம் இல்லை, நாற்றம் காலையில் கொஞ்சம் இருக்கிறது. தொட்டி கட்ட ஆள் சொல்லியிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

பழைய_மேஸ்திரி:
கடைத் தண்ணீரை இப்போது எங்கே விடுகிறாய்?

இன்செய்ன்_அக்கா:
தம்பி, மேஸ்திரி கேட்டாரே.

சூலேப்_பக்கம்:
தெருச் சாக்கடைக்குத்தான், வேறு எங்கே.