லிமெரிக் கமர்ஷியல்ஸ் கழகத்தின் பொற்காலம் எது? 1887ஆ, 1896ஆ?

ஷானன்கரை:
அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்தின் தொடக்க காலத்தைப் பற்றிப் பேசுவோர் பலரும் கெர்ரி, டப்ளின் ஆகிய இரண்டு கவுண்டிகளோடு (மாவட்டங்களோடு) நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தமளிக்கிறது. அகில அயர்லாந்துப் பட்டத்தை முதன்முதலில் வென்றவர்கள் லிமெரிக் நகரின் கமர்ஷியல்ஸ் கழகத்தார். வாரம் முழுவதும் கடைகளில் நின்று வேலை பார்த்துவிட்டு, ஓய்வு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தாடிய ஊழியர்களின் கழகம் அது. 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் ஊரில் மைக்கேல் கியூசாக், மாரிஸ் டேவின் முதலானோர் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம், மூன்றே ஆண்டுகளில் நாடு தழுவிய போட்டியை நடத்தத் துணிந்தது. 1887ஆம் ஆண்டுக்குரிய இறுதியாட்டம் 1888 ஏப்ரல் 29 அன்று டப்ளினை அடுத்த க்ளான்ஸ்கியில் நடந்தபோது, டெனிஸ் கார்பெட் தலைமையிலான கமர்ஷியல்ஸ் அணி, லூத் கவுண்டியின் டண்டாக் யங் அயர்லண்ட்ஸ் அணியை 1-4, 0-3 என்ற கணக்கில் (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி) வென்றது. அக்கழகத்தின் பொற்காலம் அதுவே என்பது என் உறுதியான கருத்து.

பழங்கணக்கு:
வெற்றியை நான் மறுக்கவில்லை; அதற்குத் தரப்படும் எடையைத்தான் மறுக்கிறேன். 32 கவுண்டிகளில் பாதிகூட அந்த ஆண்டு களமிறங்கவில்லை. மாகாண அளவிலான சுற்றுகள் அப்போது இல்லாததால், வந்த அணிகளையெல்லாம் ஒரே குலுக்கலில் போட்டு மோதவிட்டார்கள். தரப்புக்கு 21 பேர் நெருக்கியடித்து ஆடிய அந்த ஆட்டத்தில், எதிரணி எத்தனை புள்ளிகள் எடுத்திருந்தாலும் ஒரு கோல் அவை அனைத்தையும் விஞ்சிவிடும் என்பது அன்றைய விதி. அப்படிப்பட்ட விதியின்கீழ் ஒரே கோல் விழுந்த இறுதியாட்டத்தை ஒரு கழகத்தின் உச்சமாகக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஷானன்கரை:
ஐயா, அந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். லிமெரிக்கின் கோலை அடியோடு நீக்கினாலும் புள்ளிகளில் 4க்கு 3 என்று அவர்களே முன்னிற்கிறார்கள். அக்காலத்தில் கோல் கம்பங்களுக்கு இருபுறமும் சற்றுத் தள்ளி வேறு இரண்டு கம்பங்கள் நடப்பட்டிருந்தன. பந்து அவற்றுக்கிடையே சென்றால்தான் புள்ளி. அந்த வகையிலும் அவர்கள் மேலோங்கியிருக்கும்போது, விதி தந்த பரிசு என்று அவ்வெற்றியைத் தள்ளிவிட முடியாது.

ஜோன்ஸ் சாலை:
இருவருமே 1887ஐ விட்டு நகர மறுக்கிறீர்கள். என் பார்வையில் கமர்ஷியல்ஸின் உண்மையான பெருமை 1896ஆம் ஆண்டுப் பட்டத்தில் இருக்கிறது. அதன் இறுதியாட்டம் 1898 பிப்ரவரி 6 அன்று, பின்னாளில் குரோக் பார்க் என்று பெயர்பெற்ற ஜோன்ஸ் சாலை மைதானத்தில் நடந்தது. எதிரே நின்ற டப்ளினின் யங் அயர்லண்ட்ஸ், 1891, 1892, 1894 ஆகிய மூன்று ஆண்டுகளின் பட்டங்களை வென்றிருந்த அணி. அதற்குள் லிமெரிக் அடங்கிய மன்ஸ்டர் மாகாணத்தின் போட்டி நிலைபெற்றுவிட்டதால், அதைக் கடந்துதான் கான் ஃபிட்ஸ்ஜெரால்டின் அணி டப்ளினுக்கு வந்தது. ஆட்டம் 1-5, 0-7 என முடிந்தது. கோலுக்கு 3 புள்ளி என்ற புதிய மதிப்பின்படி 8க்கு 7. எதிரணியின் சொந்த நகரில், ஒரே புள்ளியில் வெற்றி. பழங்கணக்கு அவர்கள் எழுப்பும் ஆட்சேபங்களில் எதுவும் இதற்குப் பொருந்தாது.

பழங்கணக்கு:
ஒன்று பொருந்துகிறது. 1892இல் அணியை 17 பேராகக் குறைத்தபோதே, ஒரு கவுண்டியின் வெற்றிக் கழகம் பிற கழகங்களிலிருந்தும் ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் இசைவு தந்தார்கள். ஆகவே 1896ஐ லிமெரிக் கவுண்டியின் பெருமையாகச் சொல்லுங்கள், மறுப்பில்லை. ஒரு கழகத்தின் பெருமையைத் தேடுகிறவர்கள், நான் குறைகூறிய 1887க்கே திரும்ப வேண்டியிருக்கும்.

ஷானன்கரை:
நான் முதலிலேயே சொன்னதும் அதுதான். தன் ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு நாட்டின் முதல் பட்டத்தை ஒரு நகரக் கழகம் வென்றதற்கு இணையாக வேறெதையும் நான் வைக்கமாட்டேன்.

ஜோன்ஸ் சாலை:
அந்த இசைவு டப்ளினுக்கும் இருந்தது என்பதை நீங்கள் இருவரும் மறக்கிறீர்கள். லிமெரிக்கைவிடப் பெரிய நகரமான டப்ளினின் கழகங்களிலிருந்து ஆள் திரட்டும் வாய்ப்பு யங் அயர்லண்ட்ஸுக்கு இருந்தபோதும், அவர்களால் அந்த ஒரு புள்ளியை ஈடுகட்ட முடியவில்லை. லிமெரிக் நகரத்திலோ 1884இல் தோன்றிய கேரிஓவன் கழகம் இளைஞர்களை ரக்பியின் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது; கவுண்டியின் மற்றப் பகுதிகளில் மட்டையால் பந்தடித்து ஆடும் ஹர்லிங் வேரூன்றியிருந்தது, 1897ஆம் ஆண்டின் அகில அயர்லாந்து ஹர்லிங் பட்டம் லிமெரிக்கின் கில்ஃபினேனுக்குப் போனதே அதற்குச் சான்று. இவ்விரண்டுக்கும் நடுவே கால்பந்துக்குக் கிடைத்த ஆட்களைக் கொண்டு ஒருவர் அணி அமைத்து வென்றார் என்றால், அந்த ஆள்தேர்வும் கழகத்தின் சாதனையே. அதற்குப் பிறகு இன்றுவரை லிமெரிக்கின் முதல்நிலைக் கால்பந்து அணி மன்ஸ்டர் பட்டத்தைக்கூட ஒருமுறையும் வென்றதில்லை.